மைக்கா மண்ணில்: கோடர்மாவிலிருந்து கொல்கத்தா வரை

ஞாயிறு: தன்பாத் – கோடர்மா

தமிழ்நாட்டிலிருந்து ஜார்க்கண்டின் மைக்கா எடுக்கும் பகுதிக்கு வர நினைப்பவர்களுக்குத் தோதான வண்டி ஆலப்புழை–தன்பாத் விரைவு வண்டி. தன்பாத்தில் இறங்கி கயா பக்கம் போகும் வண்டியைப் பிடித்தால் கோடர்மா சுமார் 125 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். ஆலப்புழை வண்டி கூடூர் வழியாக வருவதையும் கவனியுங்கள். பழைய சென்னை மாகாணத்தின் மைக்கா சுரங்கங்கள் நெல்லூர், கூடூர் பக்கம்தான் இருந்தன. அங்கே கிடைத்தது பச்சைச் சாயல் கொண்டது. கோடர்மாவில் கிடைப்பதில் செந்நிறச் சாயல் இருக்கும். ரூபி மைக்கா என்ற பெயரில் உலகச் சந்தை அதை நூறு வருடத்துக்கும் மேலாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்களில் காக்காப்பொன் என்று சொல்லிக் குழந்தைகள் மணலில் பொறுக்கி விளையாடும் அதே பொருள்தான். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடிஹ் மாவட்டங்களிலும் பீகாரின் நவாதா மாவட்டத்திலும் கிழக்கு மேற்காகச் சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்கு இது பாறையோடு கலந்து கிடக்கிறது. பெக்மடைட் என்னும் அந்தப் பாறையில் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும்தான் பெரும்பகுதி. நடுநடுவே புத்தகத்தின் பக்கங்கள்போல மைக்கா அடுக்கடுக்காக இருக்கும்.

மைக்காவை மின்சாதனங்களுக்கான கனிமம் என்றால், ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. முகப்பூச்சின் பளபளப்பு என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். வீட்டில் பழைய டோஸ்டர் இருந்தால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு உள்ளே பாருங்கள். நிக்ரோம் கம்பி சுற்றியிருக்கும் மங்கலான வெள்ளைத் தகடு மைக்கா. தலைமுடி உலர்த்தியின் குழலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியிருக்கும் தகடும் அதுதான். மைக்ரோவேவ் அடுப்பின் உட்சுவரில் ஒரு பழுப்பு அட்டை இருக்கும்; கருகினால் மெக்கானிக் வெட்டி மாற்றித் தருவாரே, அதுவும் மைக்காதான். ஆம்ப்ளிஃபையரில் பவர் டிரான்சிஸ்டருக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மெல்லிய கண்ணாடிபோல ஒன்று வைப்பார்கள், அதுவும் இதுதான். தீயிலும் மின்சாரம் அறுபடாமல் இருக்க வேண்டிய கேபிள்களில் சுற்றும் நாடா, மின்சாரக் காரின் பேட்டரி செல்களுக்கிடையே தீத்தடுப்பாக வைக்கும் தகடு என்று பட்டியல் நீள்கிறது. 500 டிகிரி வெப்பத்தைத் தாங்கும், மின்சாரத்தை விடாது, மெல்லியதாக வைத்தால் சூட்டைக் கடந்துபோக விடும், நகத்தால் உரித்தாலே மெல்லிய ஏடாகப் பிரியும். இத்தனையும் சேர்ந்த இன்னொரு பொருள் இந்த விலையில் கிடைப்பதில்லை. அந்த விலை எப்படி வருகிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

வருவதானால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வாருங்கள். ஜூனில் மழை தொடங்கிவிட்டால் குழிகளில் தண்ணீர் நிற்கும், செம்மண் பாதையில் வண்டி போகாது. தனியாகக் காட்டுக்குள் போக வேண்டாம். குழந்தைகள் நலனுக்காக அங்கே வேலைசெய்யும் உள்ளூர்த் தொண்டர் ஒருவர் கூட இருப்பது அவசியம். மைக்கா பொறுக்குவது சட்டப்படி குற்றம் என்பதால் கேமராவைப் பார்த்ததும் மக்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர்களுடைய ஒரு நாள் கூலியை அழித்துவிட்டு எடுக்கும் படம் எதற்கு?

திங்கள்: ஜும்ரி திலையா

கோடர்மா ரயில் நிலையம் இருக்கும் ஊரின் பெயர் ஜும்ரி திலையா. இந்தப் பெயர் வட இந்தியா முழுக்கத் தெரிந்ததற்குக் காரணம் இலங்கை வானொலி. அதன் இந்திப் பாடல் நிகழ்ச்சிகளுக்கும் பிறகு விவித் பாரதிக்கும் நேயர் விருப்பம் கேட்டு இந்த ஊரிலிருந்து அஞ்சலட்டைகள் குவிந்தன. மைக்காவில் பணம் புரண்ட காலம் அது.

1890களில் ரயில் பாதைக்காக மலையை வெட்டியதோடு இங்கே மைக்கா வியாபாரம் சூடுபிடித்தது. இரண்டாம் உலகப் போரில் வானொலிக் கருவிகளின் கெபாசிட்டருக்கும் விமான எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குக்கும் மைக்கா இல்லாமல் முடியாது என்ற நிலை. இந்திய மைக்காவைத் தங்களுக்குள் பங்கிட்டு வாங்குவதற்காகவே பிரிட்டனும் அமெரிக்காவும் 1942இல் கூட்டு மைக்கா குழு ஒன்றை அமைத்தன. சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருத்துவம், வீடு, பள்ளி தருவதற்காக 1946இல் மைக்கா சுரங்கத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் மைக்காவின்மீது தீர்வை வசூலித்து அந்த நிதி சேர்க்கப்பட்டது. கோடர்மா அருகே கர்மாவில் இருக்கும் மருத்துவமனை அந்த வழியில் வந்தது. உச்சத்தில் இந்தப் பகுதியில் 700க்கும் மேல் சுரங்கங்கள் ஓடின என்பார்கள்.

இன்று ஊரில் பார்க்கக் கிடைப்பவை கிடங்குகள். பழைய முறைத் தரம் பிரித்தலை இன்னும் சில இடங்களில் செய்கிறார்கள். தரையில் நட்ட அரிவாளில் தகட்டின் ஓரத்தை வைத்து இழுத்து விரிசலும் கறையும் உள்ள பகுதியை நறுக்கித் தள்ளுவார்கள். மிச்சமிருக்கும் நல்ல பரப்பில் எத்தனை சதுர அங்குலச் செவ்வகம் வெட்டலாம் என்பதுதான் தரம். ஆறாம் நம்பருக்கு 1 சதுர அங்குலம் போதும். ஐந்தாம் நம்பருக்கு 3, நான்குக்கு 6, மூன்றுக்கு 10, இரண்டுக்கு 15, ஒன்றுக்கு 24. அதற்கு மேல் 36, 48 என்று தனித்தரங்கள் உண்டு. நம்பர் குறையக் குறைய விலை பல மடங்கு ஏறும்.

இந்த நம்பர்களை ஏன் சொல்கிறோம் என்றால், பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அந்தக் காலத்துச் சுரங்கக்காரருக்கு வேண்டியது அகலத் தகடு. பாறையை உடைத்து மேலே கொண்டுவந்து, அதில் மிகச் சிறிய பங்கை எடுத்துக்கொண்டு, ஒரு அங்குலம்கூடத் தேறாத செதில்களை மண்ணோடும் கல்லோடும் வெளியே கொட்டினார்கள். பல பத்தாண்டுகள் கொட்டியதில் காட்டுக்குள் மேடுமேடாகக் கழிவு நிற்கிறது.

சுரங்கங்கள் மூடப்பட்ட காரணம் ஒன்றல்ல. டிரான்சிஸ்டர் வந்து வால்வு ரேடியோ போனது. 1974இல் அரசு தொடங்கிய மைக்கா வணிகக் கழகம் சோவியத் யூனியனையும் அதன் கூட்டாளி நாடுகளையும் பெரிதாக நம்பியிருந்தது. 1991க்குப் பிறகு அந்தக் கொள்முதல் சரிந்தது. 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் காட்டில் சுரங்கக் குத்தகை கிடையாது என்றது. ஒவ்வொரு குத்தகையாகப் புதுப்பிக்கப்படாமல் போனது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்த தொழிலாளிகள் வீட்டுக்குப் போனார்கள்.

மைக்காவின் தேவை மட்டும் நிற்கவில்லை. செதிலைக் கூழாக்கித் தாளாக வார்க்கும் நுட்பம் வந்ததும் அகலத் தகடு தேவையில்லாமல் போனது. காட்டில் கிடந்த கழிவு மேடுகளுக்கு விலை வந்தது. மேட்டைக் கிளற மேனேஜர் வேண்டாம், வெடிமருந்து வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். கையும் கூடையும் போதும். சம்பளத் தொழிலாளி செய்த வேலை, கிலோவுக்குக் காசு வாங்கும் குடும்பத்தின் கைக்குப் போனது இப்படித்தான்.

செவ்வாய்: டோம்சாஞ்ச் மேடுகள்

கோடர்மாவுக்குக் கிழக்கே டோம்சாஞ்ச். ஊருக்குள் நுழையும்போதே கல் உடைக்கும் கிரஷர்களின் வெண்புழுதி தெரியும். அதைத் தாண்டி சால் மரக் காட்டுப் பாதையில் போனால் பாதையே மினுங்கத் தொடங்குகிறது. காலில், செருப்பில், ஆட்டின் முதுகில் எல்லாம் மைக்கா ஒட்டியிருக்கிறது.

மேடுகளில் பொறுக்கும் செதிலுக்கு இங்கே திப்ரா என்று பெயர். வேலை நடக்கும் விதம் இது. ஆண்களோ பெரிய பெண்களோ கடப்பாரையால் மேட்டின் அடிப்பக்கத்தைக் குத்திச் சரிப்பார்கள். சரிந்த மண்ணை மண்வெட்டியால் இழுத்துப் பரப்புவார்கள். பெரிய கல்லைத் தள்ளிவிட்டு, சல்லடையிலோ முறத்திலோ அள்ளிச் சலிப்பார்கள். மைக்காவும் குவார்ட்ஸும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி; ஆனால் மைக்கா தட்டை. முறத்தைச் சாய்த்து உதறினால் உருண்டைக் கல் முன்னால் உருண்டோட, செதில் பின்தங்கும். தங்கியதை விரலால் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். கல் ஒட்டியிருந்தால் சின்னச் சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டும். கடைசி இரண்டு வேலைகளும்தான் பிள்ளைகளுடையவை. நாலைந்து வயதுப் பிள்ளைக்கும் அது கைவந்துவிடும் என்பதுதான் கொடுமை.

செதிலின் ஓரம் பிளேடுபோல இருக்கும். பொறுக்குகிறவர்களின் விரல் நுனிகளைப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக நூல்நூலாக வெட்டுக் காயம். சில ஆறியவை, சில புதியவை, எல்லாவற்றிலும் மினுங்கும் தூள் ஏறியிருக்கிறது. கையுறை போட்டால் செதில் விரலுக்குத் தட்டுப்படாது, வேலை பாதியாகக் குறையும். எனவே யாரும் போடுவதில்லை. சலிக்கும்போது எழும் புழுதியில் மைக்காவைவிட மோசமானது குவார்ட்ஸ் தூள். நுரையீரலின் கடைசிக் கிளைவரை போய்த் தங்கும் அந்த நுண்துகள்தான் சிலிகோசிஸுக்குக் காரணம். அந்த நோய் இருப்பவரைக் காசநோயும் சுலபமாகப் பிடிக்கும். மேட்டைக் கொஞ்சம் நனைத்துவிட்டுச் சலித்தால் புழுதி பெருமளவு அடங்கும். ஆனால் குடிதண்ணீரையே தொலைவிலிருந்து குடத்தில் கொண்டுவரும் இடத்தில் மேட்டில் ஊற்றத் தண்ணீருக்கு எங்கே போவது? ஈரத் திப்ராவுக்கு வியாபாரி எடையிலும் கழிப்பார்.

ஒரு குடும்பம் ஒரு நாளில் 15 முதல் 20 கிலோ சேர்க்கலாம். கிலோவுக்குக் கிடைப்பது இடத்தையும் சுத்தத்தையும் பொறுத்து 10 ரூபாயை ஒட்டி இருக்கும். அதாவது இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் வெயிலில் நின்றால் 150, 200 ரூபாய். பிள்ளைகளை நிறுத்திவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போகும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த 50, 60 ரூபாய்தான் வீட்டின் எண்ணெயும் பருப்பும். பிள்ளையை ஏன் அனுப்புகிறாய் என்று தாயிடம் கேட்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எடை போடும் இடத்தில்தான் ஏமாற்றுக்கு வழி அதிகம். வாங்குபவர் ஊருக்கே வருவார், அல்லது பாதையோரக் கிடங்கில் உட்கார்ந்திருப்பார். மண் கழிவு என்று எடையில் ஒரு பங்கைக் கழிப்பார். எவ்வளவு என்பதை அவரே கண்ணால் பார்த்துச் சொல்வார். உண்மையான கழிவைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. குவியலின் நாலைந்து இடங்களிலிருந்து சேர்த்து ஒரு கிலோ எடுத்து, கழுவி, வெயிலில் உலர்த்தித் திரும்ப நிறுத்தால் போதும். இதை யாரும் செய்வதில்லை. விற்பவர் கேட்கும் நிலையிலும் இல்லை. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அரிசிக்கும் மருந்துக்கும் அதே வியாபாரியிடம்தான் முன்பணம் வாங்கியிருக்கிறார். கடன் இருக்கும்வரை வேறு ஆளிடம் விற்கவும் முடியாது.

ரசீது கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமைக் குறிப்பில் தேவைப்படும்.

புதன்: குழிகள்

கிரிடிஹ் மாவட்டத்தின் திஸ்ரி, காவான் வட்டாரங்களை நோக்கிப் போகப் போக மேடு குறைந்து குழி அதிகமாகிறது. மேடுகளை ஏற்கெனவே அரித்தெடுத்துவிட்டதால், மூடிய சுரங்கங்களின் பழைய வாய்களைத் திறந்தும் புதிதாகத் தோண்டியும் உள்ளே போகிறார்கள். ஓர் ஆள் குந்தி நுழையும் அளவுதான் வாய். உள்ளே மைக்கா போகும் திசையில் வளைந்து வளைந்து போகும். ஒருவர் உளியும் சுத்தியலுமாகக் குடைய, பின்னால் இருப்பவர் கூடையைத் தள்ள, வாயில் நிற்பவர் இழுத்துக் கொட்டுவார். வெளிச்சத்துக்கு டார்ச். தாங்கு மரம் கிடையாது. வெட்டினால் வனத்துறையிடம் மாட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். தாங்கு வைக்கும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை என்பது இன்னொன்று.

மண் ஏன் சரிகிறது? காரணம் பாறையிலேயே இருக்கிறது. மேல்மட்டத்தில் பெல்ட்ஸ்பார் பல்லாயிரம் ஆண்டு மழையில் உதிர்ந்து வெள்ளைக் களிமண்ணாக மாறியிருக்கும். காய்ந்திருக்கும்போது சுவர்போல நிற்கும். ஈரம் ஏறினால் பிடிப்பு விட்டுவிடும். சுற்றியுள்ள பாறையும் மைக்கா கலந்த ஏட்டுப் பாறை. ஏட்டின் சாய்வோடு குடைந்தால் மேலுள்ள ஏடு முழுசாக வழுக்கி இறங்கும். மழைக்காலம் முடிந்து வெயில் வந்தவுடன் வேலைக்குத் திரும்புகிறார்களே, அந்த வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. மேற்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே ஏறிய ஈரம் இன்னும் வடிந்திருக்காது.

மேடுகளிலும் இதேதான். கொட்டிய மண் தானாக நிற்கும் சாய்வு 35 டிகிரியை ஒட்டியது. அடியில் குத்திக் குத்தி எடுத்தால் சுவர் செங்குத்தாகிவிடும், சில இடங்களில் மேல்பகுதி கூரைபோலத் தொங்கும். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, விளிம்புக்கு இணையாக மயிரிழை விரிசல் ஓடினால் அதன் கீழே ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. இங்கே வருபவர்கள் படம் எடுப்பதற்காக அப்படிப்பட்ட விளிம்பில் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். நீங்கள் மேலே நின்றால் கீழே இருப்பவரின் தலையில் விழும்.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின் 106ஆவது விதி, மொரம் என்னும் சரளைமண், களிமண், கழிவுமண் போன்ற இளகிய நிலத்தில் பக்கச் சாய்வு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் படிகளாக வெட்ட வேண்டும், ஒரு படியின் உயரம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. மேலிருந்து கீழாகப் படி வெட்டி வருவதற்கு எந்திரம் வேண்டாம், மண்வெட்டியே போதும். ஆனால் அந்த விதியை நிறைவேற்றப் பொறுப்புள்ள ஒருவர் வேண்டும். சட்டத்தின் கண்ணில் இங்கே சுரங்கமே இல்லை. சுரங்கம் இல்லாத இடத்தில் மேலாளர் இல்லை, பாதுகாப்பு ஆய்வாளர் வருவதற்கும் வழியில்லை.

சரிவு நடந்தால் என்ன ஆகிறது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டுவார்கள். புதைந்தவருக்கு மூச்சுவிட இருக்கும் நேரம் சில நிமிடங்கள். அந்த அவசரத்தில் மறுபடியும் அடியிலிருந்தே தோண்டுவதால் இரண்டாவது சரிவும் விழும், காப்பாற்றப் போனவரும் போவார். பக்கவாட்டிலிருந்து தோண்ட வேண்டும், மேலே யாரும் ஏறக் கூடாது, விளிம்பைப் பார்த்துக் குரல் கொடுக்க ஒருவர் தனியாக நிற்க வேண்டும். தொண்டர்கள் ஊர் ஊராக இதைச் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

உடலை எடுத்த பிறகு காவல் நிலையத்துக்குத் தகவல் போவது அரிது. போனால், இறந்தவரின் குடும்பமே காட்டுக்குள் அத்துமீறிய குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வியாபாரி சில பத்தாயிரம் ரூபாய் கொடுப்பார், அன்றிரவே அடக்கம் முடிந்துவிடும். 2016இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் மூன்று மாதம் விசாரித்து, இரண்டே மாதத்தில் ஏழு குழந்தைகள் இப்படி இறந்து மறைக்கப்பட்டதை வெளியே கொண்டுவந்தார்கள். அதுவரை அரசுக் கணக்கில் அந்த மரணங்கள் இல்லை.

வியாழன்: பள்ளிக்கூடம்

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 18 வயது நிரம்பாதவரைச் சுரங்க வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமே சொன்னது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் குறைந்தவர்களின் ஏறக்குறைய எல்லா வேலைகளுக்கும், 18 வரை சுரங்க வேலைக்கும் தடை போடுகிறது. அதே 2016இல் டெர் டெ ஓம் என்ற குழந்தைகள் நல அமைப்பு, இந்தப் பகுதியில் 22,000 குழந்தைகள் வரை மைக்கா வேலையில் இருப்பதாக மதிப்பிட்டது. 2019இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கெடுப்பு, ஜார்க்கண்டின் மைக்கா பகுதிகளில் 6 முதல் 14 வயதுக்குட்பட்ட 4,545 பேர் பள்ளிக்குப் போவதில்லை என்றது.

கைலாஷ் சத்யார்த்தியின் அமைப்பு இங்கே குழந்தை நேய கிராமங்களை உருவாக்கியது. பிள்ளைகளே பஞ்சாயத்து நடத்தி, யார் பள்ளிக்கு வரவில்லை என்று கணக்கெடுத்து வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பொறுப்பான மைக்கா முன்முயற்சி 2017இல் தொடங்கப்பட்டது. அதில் ஒப்பனைப் பொருள், கார், மின்னணு நிறுவனங்கள் சேர்ந்திருக்கின்றன. மாற்றம் வந்திருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. காலையில் சீருடையோடு நடந்துபோகும் பிள்ளைகள் கண்ணில் படுகிறார்கள்.

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. பிள்ளை பள்ளிக்குப் போன பிறகும் திப்ராவின் விலை ஏறவில்லை என்றால், அந்த வீட்டின் வருமானம் குறைந்திருக்கிறது என்று பொருள். மதிய உணவு அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். பள்ளி விடுமுறையில், அறுவடை பொய்த்த வருடத்தில், அப்பா குழியில் முதுகை ஒடித்துக்கொண்ட மாதத்தில் பிள்ளை மேட்டுக்குத் திரும்பிவிடுகிறது. கிராமங்களுக்குப் போகிறவர்கள் பள்ளிப் பதிவேட்டில் பெயரை மட்டும் பார்க்காமல், நவம்பர் முதல் மார்ச் வரையான வருகைப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். திப்ரா வேலை சூடாக நடக்கும் மாதங்கள் அவை.

வெள்ளி: தாளாகும் செதில்

இன்றைய குறிப்பு தொழிற்சாலைப் பக்கம். திப்ராவை முதலில் கழுவி, அதிர்சல்லடையில் மண்ணையும் குவார்ட்ஸையும் பிரிப்பார்கள். பிறகு உலையில் ஏறத்தாழ 800 டிகிரியில் சுட்டால் படிகத்துக்குள் இருக்கும் நீர் வெளியேறி அடுக்குகள் உப்பிப் பிரியும். அதைத் தண்ணீரில் போட்டு வேகமாகக் கலக்கினால் நுண்ணிய ஏடுகள் மிதக்கும் கூழ். காகித ஆலையில் இருப்பதுபோன்ற வலைப்பட்டையில் அந்தக் கூழை ஓட்டித் தண்ணீரை வடித்தால், ஒட்டுப்பொருள் எதுவும் இல்லாமலே தாளாகப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தாளில் சிலிகோன் ரெசினை ஏற்றி, பல தாள்களை அடுக்கிச் சூடாக அழுத்தினால் தகடு. டை என்னும் வெட்டச்சு வைத்து வெட்டினால் டோஸ்டருக்கும் உலர்த்திக்கும் உரிய பாகம்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். குவார்ட்ஸ் துகள் தாளில் தங்கிவிட்டால் அந்த இடத்தில் ஊசித்துளை விழும். உயர் மின்னழுத்தச் சோதனையில் மின்சாரம் அங்கேதான் பாயும், தகடு கழிவாகும். அதனால் ஆலை சுத்தமான திப்ரா கேட்கிறது, ஏற்றுமதியாளர் கிடங்குக்காரரிடம் கேட்கிறார், அவர் ஊர் வியாபாரியிடம் கேட்கிறார். செவ்வாய்க்கிழமை பார்த்த மண் கழிவு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. சுத்தம் கூடினால் மேலே எல்லோருக்கும் விலை கூடுகிறது. கீழே மட்டும் சுத்தமில்லை என்று கழிப்பு இருக்கிறது, சுத்தமாக இருந்தால் கூட்டிக் கொடுப்பது இல்லை.

ஒரு கணக்கு. டோஸ்டரில் 12 சென்டிமீட்டர் சதுரத்தில் அரை மில்லிமீட்டர் கனத்தில் நான்கு தகடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தகடு 15 கிராம், நான்கும் 60 கிராம். வழியில் பாதி வீணாகிறது என்றாலும் 120 கிராம் திப்ரா. பொறுக்கியவருக்குப் போய்ச் சேர்ந்தது 1 ரூபாய் 20 காசு. அதை நான்கு மடங்காக்கினால் டோஸ்டரில் கூடும் மூலப்பொருள் செலவு 3 ரூபாய் 60 காசு. தலைமுடி உலர்த்தியில் இன்னும் குறைவு. ஏழைத் தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பதற்கும் கூட்டிக்கொண்டு போவதற்கும் இடையே நிற்பது இவ்வளவு சின்னத் தொகை. எங்களுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

சனி: கொல்கத்தா, காகிதங்கள்

மைக்கா கொல்கத்தா துறைமுகம் வழியாக வெளியேறுகிறது. சுங்கக் குறியீடு 2525இல் மூன்று வரிகள்: கச்சா மைக்காவும் பிரித்த தகடும் 252510, தூள் 252520, கழிவு 252530. தாளாகவோ தகடாகவோ செய்தது 6814. சுங்கத்துக்கு வரும்போது எல்லாவற்றுக்கும் பில், சலான், எடைச்சீட்டு உண்டு. ஊரில் ரசீதே இல்லாத பொருளுக்கு இவை எங்கே முளைத்தன?

கிடங்கில்தான். சட்டப்படியான குத்தகையோ பழைய இருப்போ வைத்திருப்பவரின் பெயரில் சலான் போட்டால், காட்டிலிருந்து வந்த திப்ராவும் அதோடு கலந்துவிடும். கலந்த பிறகு பிரித்தறிய எந்தச் சோதனையும் கிடையாது. இரண்டும் ஒரே பாறை. 2013-14இல் இந்தியாவின் அதிகாரபூர்வ மைக்கா உற்பத்தி சுமார் 19,000 டன், ஏற்றுமதி சுமார் 1,28,000 டன். இந்த இரண்டு எண்களும் அரசாங்கப் பதிவேடுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. காட்டில் கூடை சுமப்பவரைத் துரத்தும் தடை, லாரி கிடங்கைவிட்டுக் கிளம்பும்போது காணாமல் போகிறது.

வெளிநாட்டுச் சட்டங்களும் இதைப் பிடிக்கவில்லை. மோதல் பகுதிகளிலிருந்து வரும் கனிமங்களைக் கண்காணிக்க வந்த அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு டாட்–பிராங்க் சட்டத்தின் 1502ஆவது பிரிவும், 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதியும் தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கை மட்டும் சொல்கின்றன. மைக்கா அவற்றில் இல்லை. மடகாஸ்கரின் தென்பகுதியிலும் குழந்தைகள் மைக்கா பொறுக்குகிறார்கள். இந்தியாவில் பிடி இறுகினால் வாங்குபவர்கள் அங்கே போய்விடுவார்கள் என்ற கவலையும் இருக்கிறது.

மாநில அரசு 2022இல், கழிவு மேடுகளிலிருந்து திப்ரா எடுப்பதைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக முறைப்படுத்தும் வேலையைத் தொடங்கியது. பொறுக்குபவர் சங்க உறுப்பினர், சங்கம் எடை போட்டு ரசீது தரும், மாநிலக் கனிமக் கழகம் விற்கும் என்ற யோசனை சரியான திசைதான். இதற்கிடையே மைக்காவை 2015இல் சிறு கனிமமாக்கி, அதாவது மாநிலமே விதி வகுக்கும் வகையில் சேர்த்த மத்திய அரசு, 2025 பிப்ரவரி 20 அன்று மறுபடியும் பெருங்கனிமமாக்கியது. லித்தியம், பெரில், டான்டலம் போன்றவை இதே பெக்மடைட் பாறையில் கிடைப்பதுதான் காரணம். இனிப் பெரிய ஏலங்கள் வரும். குத்தகைப் பரப்புக்குள் இருக்கும் பழைய மேடுகளும் ஏலம் எடுத்தவருக்கே போகுமா, சங்கங்களுக்கு விலக்கி வைக்கப்படுமா என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ மின்னணு ஆலைகளின் கொள்முதல் பிரிவில் வேலைசெய்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறுப்பான கனிமங்கள் முன்முயற்சி (வியாழக்கிழமை பார்த்த மைக்கா முன்முயற்சி வேறு) தரும் விரிவாக்கப்பட்ட கனிம அறிக்கைப் படிவத்தில் கோபால்ட்டோடு மைக்காவும் இருக்கிறது. ஹீட்டர், கேபிள் நாடா, பேட்டரித் தகடு, பளபளப்புப் பூச்சு சப்ளை செய்பவரிடம் அதை நிரப்பித் தரச் சொல்லுங்கள். பதப்படுத்தும் ஆலையின் பெயரோடு பதில் நின்றுவிட்டால் விடாதீர்கள். மூன்றே கேள்விகள்: இந்தத் திப்ரா முதன்முதலில் எந்தக் கிடங்கில் எடை போடப்பட்டது? அங்கே விற்றவருக்கு ரசீது கொடுத்தார்களா? கிலோவுக்கு என்ன விலை, எத்தனை சதவீதம் மண் கழிவு?